பயந்த நாயை வெளியே போகப் பழக்கியது

நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் புகார்களில் இதுதான் என் காதில் அதிகம் விழுகிறது: "முற்றத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். ஒரு சொட்டுப் போகவில்லை. வீட்டுக்குள் கால் வைத்ததும் நடுக்கூடத்தில் குளம் கட்டிவிட்டது. வேண்டுமென்றேதான் செய்கிறது." கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாம் உண்மை. பழிவாங்குவதற்காக மூத்திரத்தை அடக்கி வைத்திருக்கும் நாயை நான் கண்டதில்லை. பயத்தால் அடக்கி வைத்திருக்கும் நாய் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கம். முன்னால் ரோடு. பின்னால் அடுக்களையை ஒட்டித் துணி துவைக்கும் சிமெண்டுத் தளம், அதைத் தாண்டினால் மண், வாழை, இரண்டு தென்னை, பிறகு எல்லைச் சுவராக ஒரு கையாலை. அதற்கு அப்பால் ரப்பர்த் தோட்டம். ரோசி இங்கே வந்தது மே மாதக் கடைசியில், இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன். லாப்ரடார் இனத்துப் பெண் நாய், வயது மூன்றோ நான்கோ இருக்கும். குட்டி போடவைத்து விற்கும் ஒருவரிடம் கூண்டில் கிடந்தவள். அவர் தொழிலை மூடும்போது, யாராவது கொண்டுபோனால் போதும் என்று தள்ளிவிட்டார். இந்தத் தொழில் செய்ய மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும் என்று 2017-இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. அங்கே பதிவுச் சான்றைக் கேட்டபோது பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சிமெண்டுத் தரை, இரும்புக் கம்பி, மேலே தகரம்: அதுதான் அவள் அதுவரை கண்ட உலகம். மண்ணை மிதித்திருப்பாளா என்பதே சந்தேகம்.

வந்த அன்று அடுக்களைக் கதவைத் திறந்துவைத்தோம். ரோசி வாசற்படிக்கு இப்பால் நின்றாள். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காதுகள் பின்னால் படிந்திருந்தன. முன்காலில் ஒன்றை லேசாகத் தூக்கியபடியே வைத்திருந்தாள். தின்பண்டம் எதுவும் கண்ணில் படாதபோதும் உதட்டை நக்கினாள், தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விட்டாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "எவ்வளவு அடக்கமான நாய்!" என்று பாராட்டிவிட்டுப் போனார். அடக்கம் அல்ல அது. பயம் முற்றிப்போனால் பல நாய்கள் குரைப்பதுமில்லை, ஓடுவதுமில்லை, உறைந்து நின்றுவிடும். அதனால்தான் அவற்றின் பயம் வீட்டுக்காரர்களின் கண்ணுக்கே தெரிவதில்லை.

இதை அளந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உப்புப் போடாமல் அவித்த கோழி ஈரலை நகக்கண் அளவு துண்டாக்கி மூக்கருகே நீட்டுங்கள். வீட்டுக்குள் கையோடு கவ்விக்கொள்ளும் நாய் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்த இடம் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். அங்கே நின்று மூத்திரம் போகச் சொல்வதும் வீண், கொஞ்சுவதும் வீண். இரண்டு அடி பின்னால் வாருங்கள், ஈரலை மறுபடி நீட்டுங்கள். எங்கே வாங்கிக்கொள்கிறதோ அங்கேதான் வேலையைத் தொடங்க வேண்டும். ரோசி வாங்கிக்கொண்ட இடம் வீட்டுக்குள், அரிசிப் பானைக்குப் பக்கத்தில்.

வெளியே ஏன் போவதில்லை என்பதற்குக் காரணம் நாயின் புத்தியில் இல்லை, நரம்பில் இருக்கிறது. பயம் வந்தால் உடலின் பொறுப்பைப் பரிவு நரம்பு மண்டலம் எடுத்துக்கொள்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், இரத்தம் கால் தசைகளுக்குப் பாயும், சிறுநீர்ப்பையின் சுவர் தளர்ந்து அதன் வாய் இறுகும். ஓடத் தயாராகும் உடல் உட்கார்ந்து மூத்திரம் பெய்ய இடம் கொடுக்காது. வீட்டுக்குள் வந்து கதவு சாத்தியதும் உடலை அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்புகளின் கை ஓங்குகிறது. பையின் சுவர் சுருங்கி வாய் திறக்கிறது. நடுக்கூடத்துக் குளம் இப்படித்தான் உண்டாகிறது. வளர்ந்த, உடல்நலமுள்ள நாய் எட்டு மணி நேரம் அடக்குவது சாதாரணம். பயந்த நாய் அதற்கு மேலும் இழுத்துப் பிடிக்கும். ஆகவே "இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் வந்துவிடும்" என்று முற்றத்தில் காத்து நிற்பது பலன் தராது. நிற்க நிற்கப் பயம்தான் ஏறும். வெளியே போகப் பழக்குவதற்கு முன், வெளியே இருக்கப் பழக்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைத்ததுதான்.

தொடங்கும் முன் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். சிறுநீர்ப் பரிசோதனை முக்கியம். சிறுநீர்ப்பையில் தொற்று இருக்கும் நாயை எவ்வளவு பழக்கினாலும் வீட்டுக்குள் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் வைக்கும் ஆபத்தும் உண்டு. முக்கி முக்கிச் சில சொட்டுகள் மட்டும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு பகல் ஓர் இரவு முழுக்கப் போகாமல் இருந்தாலும் அப்படித்தான். வீட்டுக்குள் போகிறதே என்று தண்ணீரைக் குறைப்பது கூடவே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நாயைக் கொல்லும்.

ரோசிக்கு வெளி என்ற பயம் ஒருபக்கம், மண் என்ற அறிமுகமின்மை இன்னொரு பக்கம். நாய்க்குட்டிகள் எட்டு ஒன்பது வார வயதில் காலடியில் எந்தத் தரையைக் கண்டு மூத்திரம் போகின்றனவோ, பிற்பாடும் அதையே தேடும். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும், சிமெண்டில் வளர்ந்தது சிமெண்டை. எங்கள் வீட்டின் காவி போட்ட தரை அவளுக்குப் பழகிய கழிப்பறை. வாழைத் தடத்து மண்தான் அன்னியம். இரண்டையும் ஒரே சமயத்தில் தீர்க்க முடியாது. எனவே முதலில் பயத்தை எடுத்துக்கொண்டோம், தரையை அவள் விருப்பத்துக்கே விட்டோம்.

பழைய சணல் சாக்கு ஒன்றை நான்காக மடித்தோம். வீட்டுக்குள் அவள் போன மூத்திரத்தை அந்தச் சாக்கால் ஒற்றி எடுத்து, கழுவாமல், அடுக்களை வாசலுக்கு வெளியே சிமெண்டுத் தளத்தில் இரண்டு அடி தள்ளி விரித்தோம். அம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. துணி துவைக்கும் இடத்தில் மூத்திரச் சாக்கு கிடந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் ரோசியின் மூக்குக்கு அந்தச் சாக்கு ஒன்றுதான் வெளியுலகில் தெரிந்த முகம்.

விடிந்ததும் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, கட்டன் சாயாவோடு படியில் உட்கார்ந்துகொள்வேன், ரோசிக்கு முதுகைக் காட்டியபடி. கூப்பிடுவதில்லை, இழுப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. படியின் மேலும் கீழும் ஈரல் துண்டுகள் கிடக்கும். அவள் வந்து கவ்விக்கொண்டு உள்ளே ஓடலாம். ஓடட்டும் என்றுதான் கதவு திறந்திருக்கிறது. திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பயந்த பிராணி முன்னால் வரும். பின்னால் கதவைச் சாத்திவிட்டு "இனி எங்கே போவாய்" என்று பழக்குவோர் உண்டு. அந்த நாய் அடுத்த முறை கதவு திறக்கும் சத்தத்திலேயே கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடும்.

கொஞ்ச நாளில் முன்கால்கள் படியிறங்கின. பிறகு உடலும் இறங்கியது. பின்கால்கள் மட்டும் படியிலேயே நின்றன, அவசரத்துக்கு உள்ளே பாய வசதியாக. அந்த நிலையில் நீண்டு நின்றபடி சாக்கை முகர்வாள். ஒருநாள் முகர்ந்துகொண்டே இருந்தவள் இரண்டு சுற்றுச் சுற்றி, சாக்கின் நடுவில் உட்கார்ந்து போனாள். நான் சாயா தம்ளரை வாயில் வைத்தபடியே இருந்தேன், விழுங்கவில்லை. அவள் எழுந்த பிறகுதான் ஈரல் துண்டை அருகே உருட்டிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம். பரிசு கொடுக்க வேண்டியது அவள் முடித்து எழுந்த அந்த நொடியில். போய்க்கொண்டிருக்கும்போதே "ஆகா, என் தங்கமே" என்று கத்தினால் பாதியில் நிறுத்திவிடும், மீதி கூடத்துக்கு வந்து சேரும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாகத்தான் நாய் எடுத்துக்கொள்ளும். பயந்த நாய்க்குக் கைதட்டலும் உரத்த பாராட்டும்கூட மிரட்டல்தான். மெல்லிய குரல் போதும், துண்டைத் தரையில் போட்டால் போதும். துணிச்சலான நாய்க்கு மூத்திரம் போனதும் உடனே வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பார்கள். உலா முடிந்துவிடும் என்று அது அடக்கக் கற்றுக்கொள்ளும். பயந்த நாய்க்கு இது தலைகீழ். அதற்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரிசே வீட்டுக்குத் திரும்புவதுதான். போனவுடன் ஈரல், உடனே வீடு.

அதன்பின் சாக்கு நகர ஆரம்பித்தது. ஒரு முழம் நகர்த்துவது, அவள் முகம் சுளிக்காமல் இரண்டு மூன்று நாள் போனால் இன்னொரு முழம். தளத்தின் விளிம்பை எட்டியபோது சாக்கில் பாதி சிமெண்டில் கிடந்தது, பாதி மண்ணில். ரோசி ஒரு பின்காலை மண்ணில் வைத்தாள், எடுத்தாள், ஈரத்தை உதறுவது மாதிரி உதறினாள், முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். அந்தச் சமயத்தில் சாக்கின் மேல் தினமும் ஒரு பிடி மண்ணைத் தூவிவந்தோம். முழுக்க மண்ணுக்கு வந்ததும் சாக்கை ஓரத்திலிருந்து கத்தரித்துச் சிறிதாக்கினோம். கடைசியில் கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு வாழை மூட்டில், அதாவது மரத்தின் அடியில், புதைந்து கிடந்தது. இந்த நகர்த்தலில்தான் பெரும்பாலோர் பொறுமையிழக்கிறார்கள். முந்தின நாள் நன்றாகப் போனாளே என்று அடுத்த நாளே சாக்கை வாழையும் தென்னையும் நிற்கும் விளைக்கு நடுவில் கொண்டுபோய்ப் போட்டால், அவள் சாக்கைத் தேடமாட்டாள், கூடத்தைத் தேடுவாள்.

இடத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடு முற்றம்தான் விசாலமாக இருக்கிறது என்று அங்கே கொண்டுபோவோம். பயந்த நாய்க்கு விசாலம் ஆபத்து. நான்கு பக்கமும் கண் வைக்க வேண்டியிருக்கும். குந்தி உட்காரும் அந்த நேரத்தில் நாயால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. வாழைக்கூட்டத்தின் மறைவு மூன்று பக்கம் அடைத்துக்கொடுத்தது. ஒரு பக்கம் வீட்டு வாசல் தெரிந்தது. தென்னை மூடு வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். ஒரு தேங்காய் அருகில் விழுந்தால் அதுவரை செய்த வேலை அத்தனையும் போய்விடும். தலையில் விழுந்தால் நாயும் போய்விடும். சருகைக் கூட்டித் தள்ளி அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தோம், பாம்புக்கு இடம் கொடுக்கக் கூடாதே. இருட்டில் டார்ச் அடிக்காமல் அங்கே போனதில்லை.

விடிகாலையில் இன்னொரு சிக்கல் இருந்தது. ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறும் முன்புதான். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து ஓட்டமும் குறைந்துவிடும். அதனால் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு வருவார்கள். கையாலைக்கு அப்பால் ஆள் தெரியாமல் வெளிச்சம் மட்டும் ஆளுயரத்தில் ஆடி ஆடி மரத்துக்கு மரம் நகரும். மனிதர்களுக்கே முதன்முதலில் பார்த்தால் திக்கென்று இருக்கும். ரோசி அதைக் கண்டால் அன்று முழுக்க வாசற்படி தாண்டமாட்டாள்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் வயதானவர். ஊரில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னேன். "நாய்க்குப் பயந்து ஒதுங்கி நடந்திருக்கிறேன். என்னைக் கண்டு நாய் ஒதுங்குவது இதுதான் முதல் தடவை, மக்களே" என்று சிரித்தார். ஆனால் சொன்னதை அப்படியே செய்தார். முதலில் தூரத்தில் வெளிச்சம் தெரியும். தெரிந்ததும் நான் வீட்டுக்குள் ரோசிக்கு ஈரல் கொடுப்பேன். வெளிச்சம் மறைந்தால் ஈரலும் நின்றுவிடும். பிறகு வாசலில், பிறகு தளத்தில். அவள் தளத்தில் நிம்மதியாக நிற்க ஆரம்பித்தபின், மாமா கையாலைக்கு அருகில் நின்று, விளக்கைத் தரைப்பக்கம் தாழ்த்தி, அவளைப் பார்க்காமலே ஒரு துண்டை எறிந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இதில் வரிசை முக்கியம். விளக்கு முதலில், ஈரல் பிறகு. ஈரலை முதலில் காட்டி, அதைக் கொண்டு நாயை விளக்குப் பக்கம் இழுத்தால், விளக்கின் பயம் போகாது. ஈரலின் மேல் புதிய பயம் வரும். ஓணம் விடுமுறை வருவதற்குள் மாமாவின் வெளிச்சத்தைக் கண்டால் ரோசியின் வால் நுனி ஆடத் தொடங்கிவிட்டது. அதுவரை அவளை வெளியே விடும் நேரத்தை, மாமா கடந்துபோன பிறகும் பள்ளிக்கூட வேன்கள் ஓடத் தொடங்கும் முன்பும் என்று வைத்துக்கொண்டோம். பயத்தோடு நேருக்கு நேர் மோதவைப்பதைவிட அதன் நேரத்துக்கு ஒதுங்கிப்போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மற்றபடி நேரம் எல்லா நாய்க்கும் பொதுவானதுதான்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சற்று நேரத்தில், படுக்கும் முன். சாப்பாட்டை ஒரே நேரத்தில் வைத்தால் மற்றதும் ஒரே நேரத்துக்கு வந்துவிடும்.

கயிறு விஷயத்தில் கவனம் வேண்டும். பயந்த நாய் முன்னால் இழுக்காது. பின்னால் நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, கழுத்துப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடும். ரோட்டில் மரத்தடி ஏற்றிய லாரி போகும் ஊரில் அது ஒரு முறை நடந்தால் போதும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையை வாங்கி, அதையும் கழுத்துப் பட்டையையும் சிறு கொக்கியால் இணைத்தோம். இரும்புச் சங்கிலியைத் தொடவில்லை. அந்தக் கிணுகிணுப்பு கேட்டால் ரோசி தரையோடு படிந்துவிடுவாள். கூண்டுக் கதவின் சத்தமாக இருந்திருக்கும். நீளமான பருத்திக் கயிறு, அதுவும் தொய்வாக.

வீட்டுக்குள் போய்விடும் நாட்களும் இருந்தன. "மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தால் இரண்டு நாளில் படிக்கும்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நாய் படிக்கத்தான் செய்யும், ஆனால் படிப்பது வேறு: மனிதர் பார்க்கும்போது மூத்திரம் போனால் ஆபத்து. அதற்கப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும், நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் வெளியேயும் போகாது. பேசாமல் துடைத்துவிட வேண்டியதுதான்.

துடைப்பதிலும் முறை உண்டு. பினாயில் போட்டால் நமக்கு நாற்றம் மறையும், நாய்க்கு மறையாது; அதை நக்கிவிட்டால் நஞ்சும்கூட. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டினால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். நொதி கலந்த திரவங்கள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கின்றன. மூத்திரத்தில் நாறும் பொருளையே சிதைப்பதால் அவைதான் சிறந்தவை. விலை அதிகம் என்றால், நன்றாக ஒற்றி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரால் துடைக்கலாம். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது. மொசைக், மார்பிள் தரையில் வினிகர் படக் கூடாது, பளபளப்பு போய்விடும். பழைய காவித் தரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் எங்களுக்கு ஒரு தடவை துடைத்துத் தீரவில்லை.

எல்லாக் குளமும் பழக்கக் குறைவால் வருவதல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பா ஆறடி உயரம், கணீரென்ற குரல். "ரோசிக் குட்டி!" என்று இரு கையையும் நீட்டிக்கொண்டு அவள் மேல் குனிந்தார். அவள் அந்த இடத்திலேயே குந்தி, காதைப் படுக்கவைத்து, அவர் காலடியில் சிறிது விட்டாள். "நீ பெரியவன், என்னை ஒன்றும் செய்யாதே" என்று நாய்கள் சொல்லும் முறை அது. அதற்கு நாயைப் பழக்கிப் பயனில்லை, சித்தப்பாவைத்தான் பழக்க வேண்டும். குனியாமல், நேராகக் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காரச் சொன்னோம். வேட்டி அழுக்காகும் என்று முதலில் மறுத்தவர், அது ஏற்கெனவே ஆகிவிட்டதைக் கண்டு உட்கார்ந்தார்.

மழைதான் பெரிய சோதனை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை குடையை மடக்கி மூலையில் வைக்க முடியாது. வாழை மூட்டுக்கு மேல் நான்கு கம்பு நட்டு ஒரு தகரத்தைக் கட்டினோம். முதல் சாரலிலேயே தகரம் படபடவென்று அடிக்க, ரோசி உள்ளே ஓடிவிட்டாள். தகரத்தின் மேல் இரண்டு அடுக்குத் தென்னங்கிடுகைப் பரப்பிக் கட்டிய பிறகு சத்தம் அடங்கியது, நனையாமலும் இருந்தது. பெருமழையில் அவள் போக மறுத்தால் வற்புறுத்துவதில்லை. மழை கொஞ்சம் வெறிக்கும்போது கூட்டிப்போனால் போதும். தேங்கிய தண்ணீரை மட்டும் நக்க விடக் கூடாது. எலி மூத்திரம் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும்; அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். தடுப்பூசி போடும்போது எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வெயில் அடிக்கும் பகல்களில் ரப்பர்க் காய்கள் வெடிக்கும். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருக்கும். விதை தெறித்து ஓட்டில் விழுவதுகூடக் காதில் ஏறாது. ரோசி ஒவ்வொரு வெடிப்புக்கும் தூக்கிவாரிப்போட்டு நின்றாள். அந்த மாதங்களில் மதியத்தில் வெளியே விடுவதையே விட்டுவிட்டோம். வெயில் தாழ்ந்தால் வெடிப்பும் அடங்கிவிடும். விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி எடுத்துவிடுவோம். அவற்றில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது; நாய் கடித்துத் தின்றால் ஆபத்து.

அடுத்த வீட்டு மணிக்கும் இதில் பங்கு உண்டு. கிழட்டு நாட்டு நாய், எதற்கும் அசராதவன், தடுப்பூசி போட்டவன். ஒருநாள் வேலியைத் தாண்டி வந்து, ரோசியைத் திரும்பியும் பாராமல், வாழையில் காலைத் தூக்கிவிட்டு, மண்ணைப் பின்காலால் இரண்டு தடவை வாரியடித்துவிட்டுப் போனான். ரோசி போய் நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு அதே இடத்தில், சாக்குத் துண்டைத் தாண்டி, வெறும் மண்ணில் போனாள். பயமில்லாத ஒரு நாய் அருகில் இருந்தால் பயந்த நாய்க்கு வரும் தைரியத்தை நாம் எவ்வளவு ஈரல் கொடுத்தும் வரவழைக்க முடியாது. அன்றிலிருந்து மணிக்கும் காலையில் ஒரு துண்டு ஒதுக்கி வைக்கிறோம்.

தீபாவளிக்கு எல்லாம் சரிந்தது. சரியும் என்று எதிர்பார்த்தே இருந்தோம். மனிதர் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாயின் காது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே கேட்கும்; நமக்கு ஒரு வெடி என்றால் அதற்கு என்னவாக இருக்கும்? பொழுது சாயும் முன்பே வெளியே கூட்டிப்போய்விட்டு, ஜன்னலில்லாத சாமான் அறையில் மின்விசிறியையும் வானொலியையும் போட்டுவிட்டு, பழைய சாக்கை அறை மூலையிலேயே விரித்துவைத்தோம். அந்த இரண்டு மூன்று நாளைக்கு வீட்டுக்குள் போனால் போகட்டும். பயத்தில் நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளர்ந்துவிடும் என்பது வெறும் பேச்சு. அவளே வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளலாம். வெடிச் சத்தம் ஓய்ந்ததும் சாக்கை மறுபடி வாசலுக்கு வெளியே போட்டு முதலிலிருந்து நகர்த்தினோம்; இந்த முறை வேகமாக நகர்ந்தது. இங்கே தீபாவளியோடு முடிவதில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிறகு கோயில் கொடை விழாக்கள் என்று வருடம் முழுக்க எங்காவது வெடி போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஊர்த் திருவிழாத் தேதிகளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை செய்தும் வாசற்படியையே தாண்ட முடியாத நாய்கள் உண்டு. அவற்றுக்குப் பயத்தைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் பார்த்துத் தருவார். சில மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே பல வாரம் ஆகும். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். உடல் தளர்ந்து படுத்துக் கிடக்கும் நாய்க்குப் பயம் போய்விட்டது என்று நினைப்போம். அசைய முடியவில்லையே தவிர, உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

இப்போது ரோசி வாழை மூட்டுக்குத் தானாகவே போய் வருகிறாள். ரோட்டோரம் போகமாட்டாள், மினி பஸ் ஹாரன் அடித்தால் வீட்டுக்குள்தான். அதை மாற்றும் உத்தேசமும் எங்களுக்கு இல்லை. ரோட்டோரத்தில் அவளுக்கு என்ன வேலை? நாகர்கோவிலில் தங்கையின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனால்தான் பாடு. அங்கே மண்ணே இல்லை. போகும்போது வாழை மூட்டிலிருந்து ஒரு சிறு சாக்கு நிறைய மண் அள்ளிக்கொண்டு போய், பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் பரப்பிவைக்கிறோம். அதில் மல்லிகை வைக்கலாமே என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டாராம். உரமெல்லாம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.